மருத்துவபீட வாசலில் ஆங்கில அச்சம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது பிரதேசங்களில் உள்ள சில வீடுகளில் மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. உயிரியல் பிரிவிற் படித்த மகள் நல்ல இசட் புள்ளி எடுத்திருப்பாள். மருத்துவபீடம் கிடைக்கும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்திற் தெளிவு இருக்காது. "அங்கை எல்லாம் இங்கிலீசிலையாம். எனக்கு ஏலாது" என்பாள். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே படித்து, முகாமிலும் தறப்பாளின் கீழும் விளக்கு வெளிச்சத்திலும் புத்தகத்தைக் கைவிடாமல் வந்தவள், பல்கலைக்கழகத்தின் வாசலில் மொழியைக் கண்டு தயங்குவாள்.

இந்தத் தயக்கத்தினால் வாய்ப்பையே கைநழுவ விட்டவர்களும் உள்ளனர். பிள்ளைக்கு ஆலோசனை சொல்ல வீட்டிற் படித்தவர் ஒருவரும் இல்லாத நிலையில், கணவனை இழந்து தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் தாய்மார் பலர் "பிள்ளை சொல்வது சரியாக இருக்குமோ" என்று குழம்பி விடுகின்றனர். ஆகவே தமிழ்மொழியிற் கற்ற மாணவி ஒருத்தி மருத்துவக் கல்விக்கு விண்ணப்பிக்கும்போது ஆங்கிலம் எந்த இடத்திற் குறுக்கிடுகிறது, எந்த இடத்திற் குறுக்கிடவில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது எம் எல்லோருக்கும் பயன் தரும்.

விண்ணப்பத்தில் ஆங்கிலத்தின் இடம்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவுசெய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவாகும். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிற் பெறும் இசட் புள்ளியே தெரிவைத் தீர்மானிக்கிறது. இந்த முறை 2001 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று பாடங்களுக்கும் தமிழிலேயே விடை எழுதலாம். உயர்தரத்தில் எல்லோரும் எழுதும் பொது ஆங்கிலப் பாடத்தின் புள்ளி இந்த இசட் புள்ளியிற் சேர்வதில்லை. மானியங்கள் ஆணைக்குழுவினூடாக மருத்துவத்துக்குத் தெரிவாவதற்குத் தனியான ஆங்கிலப் பரீட்சை கிடையாது. நேர்முகப் பரீட்சையும் கிடையாது. அதாவது வாசலைத் திறக்கும் திறப்பு பிள்ளை தமிழில் எழுதிய விடைத்தாளே.

இடங்கள் பகிரப்படும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்தவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். எனவே கிளிநொச்சியிற் படித்த பிள்ளை கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனமுடையத் தேவையில்லை. தனது மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியையே அவள் பார்க்க வேண்டும்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவட்டத்தைத் தீர்மானிக்கையில் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளிற் பிள்ளை கற்ற பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது பார்க்கப்படுகிறது. இடையிற் பாடசாலை மாறியிருந்தால் அதற்குரிய விதியை ஆணைக்குழுவின் கைநூலிற் பார்த்து, பாடசாலை விடுகைப் பத்திரங்களை ஒழுங்காக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திற் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பெறுபேறு வந்தபின் ஓடித் திரியாமல், பிள்ளை பரீட்சை எழுதும் காலத்திலேயே இவற்றைச் சேர்த்து வைத்தல் நன்று.

விருப்ப ஒழுங்கு

விண்ணப்பத்திற் பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். தமக்கு விருப்பமானது மேலே வரவேண்டும். ஆங்கிலத்துக்குப் பயந்த சில பிள்ளைகள் வேறு பாடநெறி ஒன்றை முதலில் எழுதி, மருத்துவத்தைக் கீழே எழுதி விடுகின்றனர். "முதலில் இலகுவானது இருக்கட்டும், மருத்துவம் கிடைத்தாற் பிறகு பார்ப்போம்" என்பது அவர்களின் எண்ணம்.

தெரிவு முறை அப்படி இயங்குவதில்லை. பட்டியலின் மேலிருந்து கீழாகப் பார்த்து, பிள்ளையின் புள்ளி போதுமானதாக இருக்கும் முதலாவது இடமே வழங்கப்படும். அதற்குக் கீழே எழுதியவை பின்னர் கருத்தில் எடுக்கப்படுவதில்லை. மருத்துவத்துக்குப் போதிய புள்ளி இருந்தும், மேலே எழுதிய வேறொரு பாடநெறி கிடைத்து விட்டால் மருத்துவம் போய்விடும். ஒருமுறை பல்கலைக்கழகத்திற் பதிந்த பின் மீண்டும் விண்ணப்பிப்பதும் இலகுவான காரியமல்ல. ஒரு நிமிடப் பயத்தில் எழுதிய இலக்கம் ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பாதையையே மாற்றிவிடக் கூடும். ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும்போது பாடசாலை அதிபரிடமோ, ஏற்கனவே பல்கலைக்கழகம் சென்ற ஒருவரிடமோ காட்டிக் கேட்பது அவசியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மருத்துவம் உண்மையிலேயே பிடிக்காத பிள்ளையை ஊரார் மெச்சுவதற்காக அதற்குள் தள்ளுவதும் தவறு. விருப்பமின்மை வேறு, அச்சம் வேறு. மகள் "வேண்டாம்" என்று சொல்லும்போது எது பேசுகிறது என்பதைத் தாய் ஆறுதலாக இருந்து கேட்டறிய வேண்டும்.

தமிழிலே மருத்துவம் கற்ற மண்

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே மருத்துவம் என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1847 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர் 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்ட அவர், கிராமத்தில் நின்று சேவை செய்யும் வைத்தியர்களை உருவாக்க விரும்பினார். இதற்காகத் தாமே தமிழைக் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872 இல் தமிழில் வெளிவந்தது. 1873 இல் கிறீன் நாடு திரும்பினார்.

1870 இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பாடசாலை தொடங்கியது. அங்கே கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. 1945 இல் இலவசக் கல்வித் திட்டம் வந்து, பாடசாலைக் கல்வி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறிய போதும் மருத்துவபீடங்கள் ஆங்கிலத்திலேயே நிலைத்தன. 1978 இல் யாழ்ப்பாணத்திலும் பின்னர் மட்டக்களப்பிற் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவக் கல்வி தொடங்கியது. அங்கும் கற்பித்தல் மொழி ஆங்கிலமே.

ஆகவே தமிழ்மொழியிற் கற்ற எமது மகள் முன் உள்ள தடை அவளது அறிவுக் குறைவினால் வந்ததல்ல. பாடசாலைக்கு ஒரு மொழியும் பல்கலைக்கழகத்துக்கு வேறு மொழியும் என்று அமைந்த ஒழுங்கினால் வந்தது. காலியிலும் அநுராதபுரத்திலும் இருந்து சிங்களமொழியிற் கற்று வரும் பிள்ளைகளும் இதே தடையைத்தான் தாண்டுகின்றனர். வகுப்பில் அருகே அமர்ந்திருப்பவர்களிற் பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. இது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மருத்துவ ஆங்கிலம் எப்படிப்பட்டது?

கதைப் புத்தகம் வாசிக்கும் ஆங்கிலமும் மருத்துவ நூலின் ஆங்கிலமும் ஒன்றல்ல. மருத்துவச் சொற்களிற் பெரும்பகுதி கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இருந்து வந்தவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அவற்றை மனனம் செய்தே படிக்க வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் புதியவர்களே.

இச்சொற்கள் துண்டு துண்டாகப் பொருத்தப்பட்டவை. துண்டுகளைத் தெரிந்துகொண்டால் முழுச்சொல் தானே விளங்கும். 'ஹெப்பற்' என்றால் ஈரல். 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம். 'காடி' என்றால் இதயம். 'ஆர்த்ர்' என்றால் மூட்டு. சொல்லின் முடிவில் 'ஐற்றிஸ்' வந்தால் அழற்சி என்று பொருள். எனவே ஹெப்பற்றைற்றிஸ் ஈரல் அழற்சி, நெஃப்ரைற்றிஸ் சிறுநீரக அழற்சி, ஆர்த்ரைற்றிஸ் மூட்டழற்சி. முடிவில் 'எக்ரமி' வந்தால் வெட்டி அகற்றுதல். முன்னே 'ஹைப்பர்' வந்தால் மிகை, 'ஹைப்போ' வந்தாற் குறை. 'ரக்கி' விரைவு, 'பிரடி' மந்தம். ஆகவே ரக்கிகாடியா என்றால் இதயம் விரைவாக அடித்தல், பிரடிகாடியா என்றால் மெதுவாக அடித்தல். இப்படி ஐம்பது, அறுபது துண்டுகளைக் கற்றவளுக்குப் பல நூறு சொற்கள் பிடிபட்டு விடும்.

எமது பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு. இழையம், சோணையறை, இதயவறை, சதையி என்று அவர்கள் பாடசாலையிற் கற்ற சொற்களின் பின்னால் உள்ள கருத்து ஏற்கனவே அவர்களின் மனதில் உள்ளது. புதிதாக வருவது பெயர் மட்டுமே.

காத்திருக்கும் மாதங்களைப் பயன்படுத்துவோம்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதங்கள், சில வேளைகளில் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்க நேர்கிறது. இந்தக் காலமே ஆங்கிலத்துக்குரிய காலம். பணம் கட்டி வகுப்புக்குப் போக வசதியில்லாத வீட்டிலும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, தெரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் வாசித்தல். உயர்தர உயிரியலுக்குத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தாற் போதும். கருத்து முன்னமே தெரிந்ததால் அகராதியைத் தேடும் வேலை குறையும்.

இரண்டாவது, கொப்பி ஒன்றில் மூன்று நிரல் கீறி, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், அதன் துண்டுகள் என்று எழுதுதல். நாளுக்குப் பத்துச் சொல் எழுதினால் மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் ஆகும்.

மூன்றாவது, உரத்து வாசித்தல். கண்ணுக்குப் பழகிய சொல் வாய்க்குப் பழகாமல் இருப்பதாலேயே பிள்ளைகள் வாய்மொழிப் பரீட்சையில் திணறுகின்றனர். அடுப்படியில் இருக்கும் தாய்க்கு முன்னாலோ, தங்கைக்கு முன்னாலோ வாசிக்கலாம். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஒவ்வொரு நாளும் ஐந்து வசனம் எழுதுதல். "குருதி இதயத்திலிருந்து நாடியூடாகச் செல்கிறது" போன்ற எளிய வசனமே போதும். பிழை இருக்கட்டும். ஊரில் உள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் வாரத்துக்கு ஒருமுறை காட்டித் திருத்தலாம்.

உயர்தரத்தையே ஆங்கிலத்தில் எழுதினால் நல்லதோ என்று சிலர் கேட்பதுண்டு. இருப்பதோ மூன்று தடவைகளே பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பு. சிந்திக்கும் மொழியில் எழுதி உயர்ந்த புள்ளி எடுப்பதே புத்தி. ஆங்கிலம் பின்னால் வரும். இழந்த இசட் புள்ளி பின்னால் வராது.

உள்ளே சென்ற பின்

மருத்துவபீடங்களில் தொடக்கத்தில் ஆங்கில வகுப்புகள் நடைபெறும். "எனக்குத் தெரியாதென்று மற்றவர்கள் அறிந்துவிடுவார்கள்" என்று அவற்றுக்குப் போகாமல் விடக்கூடாது. முதல் மாதங்களில் விரிவுரை பாதிதான் விளங்கும். அது எல்லோருக்கும் நடப்பது. அன்றைய விரிவுரையை அன்றிரவே நூலிற் பார்த்து, நண்பிகள் நால்வர் சேர்ந்து தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் நல்ல பலன் தரும். ஒரு பரீட்சையிற் தவறினால் மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு. தவறியதை வீட்டுக்கு மறைத்து, தனியே அழுது, படிப்பைக் கைவிட நினைப்பதே ஆபத்து. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் போவது வெட்கமான காரியமல்ல.

தென்பகுதிப் பல்கலைக்கழகம் கிடைத்தால் இன்னொரு மொழியும் தேவைப்படும். விரிவுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் காலியிலோ றாகமையிலோ கட்டிலிற் கிடக்கும் நோயாளி பேசுவது சிங்களம். அதைக் கற்பதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த நோயாளியும் தன் வலியைத் தன் மொழியிலேதான் சொல்வாள்.

இங்கேதான் எமது மகளின் தமிழுக்கும் மதிப்பு வருகிறது. எமது வைத்தியசாலைகளுக்கு வரும் பெண்கள் "நாரி நோகுது", "நெஞ்சு படபடக்குது", "தலை சுத்திக் கண் இருட்டுது" என்றுதான் சொல்வார்கள். உடலில் இன்னமும் ஷெல் துண்டைச் சுமந்துகொண்டு வாழும் பெண்கள் எம்மிடையே உள்ளனர். காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அந்த உலோகத் துண்டைப் பற்றி வைத்தியருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எங்கே, எப்போது காயப்பட்டாய் என்று அவளது மொழியிற் கனிவாகக் கேட்க ஒருவர் வேண்டும். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூசும் நோய்கள் எத்தனை! தூக்கமின்மையையும் மனத்துயரையும் "தலையிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பும் பெண்கள் எத்தனை! அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை விளங்கிக்கொள்ள, அதே மண்ணில் வளர்ந்த ஒரு பெண் வைத்தியரால் முடியும். ஆங்கிலத்தை ஐந்து வருடத்திற் கற்கலாம். இந்த விளக்கத்தை எந்த விரிவுரையும் கொடுக்காது.

வெளிநாட்டுக் கல்லூரி என்று வருவோர்

உள்ளூரில் இடம் கிடைக்காத போது, "வெளிநாட்டில் மருத்துவம் படிக்கலாம், ஆங்கிலம் பிரச்சினையில்லை" என்று முகவர்கள் வருவார்கள். காணியை ஈடுவைத்து, நகையை விற்றுப் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்துள்ளதா? பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை விதித்துள்ள குறைந்தபட்சத் தகைமைக்குப் போதுமா? இவற்றை முகவரிடமன்றி மருத்துவ சபையிடமே கேட்க வேண்டும். வெளிநாட்டிற் பட்டம் பெற்றவர்கள் இங்கு வைத்தியராகப் பதிவதற்குத் தனியான பரீட்சை ஒன்றிற் சித்தியடைய வேண்டும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். சீனா, ரஷ்யா போன்ற நாடுகளிற் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது அந்நாட்டு மொழியே.

உறவினர் இருக்கிறார்கள் என்று பிரித்தானியா போன்ற நாடுகளை நினைப்போருக்கு ஆங்கிலப் பரீட்சை கட்டாயம் வரும். அங்கு வைத்தியராகப் பதிவதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் மொத்தமாக 7.5 புள்ளியும் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7 புள்ளியும் கேட்கப்படுகின்றன. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமோ மிகப் பெரியது. உள்நாட்டு அரச பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ பல்கலைக்கழக உதவிப்பணத்துக்கோ விண்ணப்பிக்கலாம்.

மருத்துவத்துக்குப் புள்ளி போதாவிட்டாலும் நோயாளருக்குப் பணிசெய்யும் வழிகள் மூடப்படுவதில்லை. தாதியர் கல்வி, யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உள்ள சித்தமருத்துவக் கல்வி என்பனவும் மதிப்புக்குரிய பாதைகளே.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

"எனக்கு ஆங்கிலம் தெரியாது, நான் எப்படி உதவுவது?" என்று தாய்மார் கேட்கலாம். பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் வீட்டுவேலையிலிருந்து விடுதலை கொடுப்பது உதவி. அவள் உரத்து வாசிக்கையில் அருகே இருந்து கேட்பது உதவி. "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குத் தமிழிற் சொல்லு" என்று கேட்பது மிகப் பெரிய உதவி. விளங்கினதைத்தான் பிறருக்கு விளக்க முடியும். "ஐந்து வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடப் பயிற்சி, வயது போய்விடும், கலியாணம் என்னாவது" என்று அயலவர் சொல்லும்போது பிள்ளையின் பக்கம் நிற்பது எல்லாவற்றிலும் மேலான உதவி.

மாதர் சங்கங்களும் ஒரு வேலை செய்யலாம். கிராமத்தில் ஏற்கனவே மருத்துவபீடத்திற் படிக்கும் மாணவி இருந்தால், விடுமுறையில் அவளை அழைத்து, உயர்தர மாணவிகளோடு ஒரு பின்னேரம் பேசவைக்கலாம். அவள் பயன்படுத்திய கொப்பிகளை அடுத்தவளுக்குக் கொடுக்கச் செய்யலாம். விண்ணப்பக் கைநூல் ஒன்றை வாங்கிச் சங்கத்தில் வைத்து, நிரப்பும்போது சேர்ந்திருந்து பார்க்கலாம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

போர் எமது பிள்ளைகளிடமிருந்து தகப்பனை, வீட்டை, பாடசாலைக் காலத்தைப் பறித்தது. அவற்றைத் திருப்பித் தர எம்மால் முடியாது. ஆனால் அவர்கள் தம் உழைப்பால் எடுத்த புள்ளியை ஒரு மொழியின் பெயரால் இழக்காமல் பார்த்துக்கொள்ள எம்மால் முடியும். இம்முறை உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் அவளோடு இருந்து அந்தப் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். அவள் விரும்பிய படிப்பு முதலாம் இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.